அட்டாலியில் வைத்த பேட்ஜ்

"சாதிக், உட்காருங்க" என்றார் கதிர்ப் பாதுகாப்பைக் கவனிக்கும் மேடம்.

அப்போது எனக்கு அந்த ஆலையில் ஒன்பதாவது வருடம். அந்த அறையில் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. நின்றபடி கையெழுத்துப் போட்டுவிட்டு, நின்றபடியே திரும்பி வருகிற அறை அது. மேடம் காட்டிய நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

மேஜைமேல் ஒரு தாள். எங்கள் பிரிவு ஆட்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஒரு எண். எல்லாம் ஒன்றுபோலச் சின்ன எண்கள். என் பெயருக்கு எதிரே மட்டும் பெரிய எண். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள்.

"மூணு மாசமா உங்க பேட்ஜ் வாங்கின கதிர் இவ்வளவு. பக்கத்துல நின்னு வேலை பாத்தவங்களுக்கு இதுல கால்வாசிகூட இல்ல. எப்படி?" என்று கேட்டார்.

எப்படி என்று அல்லாஹ் சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பேட்ஜைப் பற்றி ஆலையில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை.

"தெரியலைங்க மேடம்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "வீட்ல யார் யார் இருக்காங்க?"

"அத்தா இருக்காருங்க. சம்சாரம். அவளுக்கு எட்டாம் மாசம்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். எனக்கு அந்தச் சின்னச் சத்தம் இன்னும் கேட்கிறது.

என்ன வேலை அது?

போன வாரம் நான் ஆலை வேலைக்குச் சேர்ந்த கதையைப் படித்துவிட்டு, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கேட்டார். "பாய், யுரேனியம்னா வெடிக்குமே, அதையா கையில எடுத்தீங்க?" அவர் கேட்டதில் தப்பில்லை. நானும் சேரும்போது அப்படித்தான் நினைத்தேன்.

ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். வாளையார் போகிற ரோட்டில், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். கடற்கரையின் கறுப்பு மணலை வேறெங்கோ அரைத்துக் காஸ்டிக் சோடா என்னும் காரம் போட்டுக் காய்ச்சுவார்கள். அதில் மிஞ்சும் களிமண் மாதிரியான சரக்கு டிரம்களில் எங்களுக்கு வரும். நாங்கள் அதை ஆசிட்டில் கரைப்போம். கரையாததை வடிகட்டுவோம். கரைந்ததிலிருந்து யுரேனியத்தைத் தனியே இழுப்போம். பிறகு மிச்சமிருக்கும் அருமண்களை, அதாவது அபூர்வ உலோகங்களை, ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

இழுப்பது என்றால் எப்படி? பெரிய தொட்டியில் அந்தக் கரைசலோடு மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும் ஒரு எண்ணெயைச் சேர்த்துக் கலக்குவார்கள். கொஞ்ச நேரம் விட்டால் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே. யுரேனியம் மட்டும் எண்ணெயோடு ஏறிக்கொள்ளும். மற்றதெல்லாம் கீழே தங்கிவிடும். அந்த எண்ணெயிலிருந்து அதைத் திரும்பக் கழுவி இறக்கி, அம்மோனியா விட்டால் மஞ்சளாகத் திரளும். நாங்கள் அதை 'மஞ்சள்' என்றுதான் சொல்வோம். மல்லியை விட்டுவிட்டு மஞ்சளை மட்டும் அரைத்து வைத்ததுபோல இருக்கும்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். இதெல்லாம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. தப்பிருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் வேலை வடிகட்டும் இடத்தில். வரிசையாகப் பலகைகள், நடுவில் கனத்த துணி. பம்ப் தள்ளும்போது தெளிந்த தண்ணீர் வெளியே ஓடும், சேறு துணியில் தங்கும். பிறகு ஒவ்வொரு பலகையாக விலக்கி, தங்கினதைக் கரண்டியால் சுரண்டித் தள்ள வேண்டும். ஆசிட் காற்றில் நாக்கு எப்போதும் புளித்தபடி இருக்கும். வீட்டுக்கு வந்து டீ குடித்தால் முதல் இரண்டு வாய்க்கு ருசியே தெரியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அருமண் பிரிக்கிற பக்கம் போனால் கண் குளிரும். ஒரு தொட்டியில் ரோஜா நிறம், அடுத்ததில் இளம்பச்சை. எல்லாம் அந்தக் கறுப்பு மணலுக்குள் இருந்தவை. கடைசியில் வேறொரு அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், தெளிந்த தண்ணீருக்குள் வெள்ளையாகப் பனி பெய்வதுபோல இறங்கும். நான் முகமூடிக்குள்ளேயே "சுப்ஹானல்லாஹ்" என்பேன். பக்கத்தில் நிற்கும் சின்னச்சாமி, "பாய் ஆரம்பிச்சுட்டாருடா" என்பான்.

சின்னச்சாமி வாளையார்க்காரன். என்னோடு ஒரே பலகையில் எதிரும் புதிருமாக நின்று வேலை செய்தவன். ஆலையை விட்டு வெளியே வருமுன் கை, முழங்கை, கால் எல்லாம் கழுவி, கதிர் பார்க்கும் மெஷினில் கையையும் காலையும் வைத்துக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். நான் அதை முடித்து வந்து தொழுகைக்கு மறுபடி ஒளுச் செய்வதைப் பார்த்து, "உள்ளயும் கழுவறீங்க, வெளியயும் கழுவறீங்க. தோலு தேஞ்சு போகப் போவுது பாய், பாத்து" என்பான்.

நிரம்பிவிடும் என்ற பயம்

இப்போது பேட்ஜுக்கு வருகிறேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சட்டையில் நெஞ்சுப் பக்கம் குத்திக்கொள்ள வேண்டும். நம் உடம்பு எவ்வளவு கதிர் வாங்குகிறது என்று அது பதிந்துவைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் போய்ப் படித்துப் பார்ப்பார்கள். ஷிப்ட் முடிந்ததும் கேட் பக்கத்துப் பலகையில் நம் எண்ணுள்ள ஆணியில் அதை மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே கொண்டுபோகக் கூடாது. சேரும் நாளிலேயே சொல்லிக் கையெழுத்து வாங்குகிற சட்டம் இது.

நான் தினமும் வீட்டுக்குக் கொண்டு போனேன்.

ஏன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கேன்டீனில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். "பேட்ஜ் நிரம்பிட்டா ஆளைப் பிளான்டை விட்டு எடுத்துருவாங்க." எனக்கு அந்த 'நிரம்பிட்டா' மனதில் ஒட்டிக்கொண்டது. குடம் நிரம்புவதுபோல என்று நினைத்துவிட்டேன். ஆலைச் சுவரிலேயே மாட்டிவிட்டுப் போனால், நான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அது அங்கே தொங்கிக்கொண்டு சும்மா நிரம்புமே! என் பெயரில் அல்லவா ஏறும்!

இந்த யோசனை முந்தைய எட்டு வருடங்களில் எனக்கு வரவில்லை. என் சம்சாரம் ஜமீலாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போதுதான் வந்தது. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அல்லாஹ் எங்களுக்குக் கண் திறந்தான். அதற்குள் நாங்கள் போகாத ஆஸ்பத்திரி இல்லை, கேட்காத துஆ இல்லை. அதனால் பேட்ஜில் எண் குறைவாக வந்தால் நான் சுத்தமாக இருக்கிறேன், வீட்டுக்கு எதையும் கொண்டு வரவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம் என நினைத்தேன். சாப்பாட்டுப் பைக்குள் போட்டு எடுத்து வருவேன். காலையில் குத்திக்கொண்டு போவேன். ஆணி காலியாக இருந்தால், ஆள் உள்ளே வேலையில் இருக்கிறான் என்றே எல்லோரும் எண்ணிக்கொள்வார்கள்.

வீட்டில் எங்கே வைப்பது? பிள்ளைத்தாச்சி படுக்கும் அறையில் வைக்க மனம் வரவில்லை. எங்கள் வீடு சித்தூரில் முன்பக்கம் என்னைப் பெற்ற அத்தாவின் கடை, பின்பக்கம் ஊடு. கடைக்குள் மேலே பலகை அடித்த அட்டாலி உண்டு. பழைய சரக்கு போட்டு வைக்கும் இடம். அங்கே யாரும் ஏற மாட்டார்கள். ஸ்டூல் போட்டு ஏறி, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே பேட்ஜைச் செருகி வைப்பேன். இறங்கும்போது பிஸ்மி சொல்லிக்கொள்வேன். அவ்வளவு பத்திரம்!

மாமி சொன்ன வார்த்தை

சிவப்பு வட்டத்தைக் காட்டிய அன்றே என்னைப் பிளான்டிலிருந்து எடுத்து, ஸ்டோரில் சாக்கு எண்ணுகிற வேலைக்குப் போட்டார்கள். சிறுநீர் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். உடம்புக்குள் ஏதாவது போயிருந்தால் அதில் தெரிந்துவிடும். ரிசல்ட் வர ரெண்டு மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

வீட்டில் மறைக்க முடியவில்லை. ஜமீலாவிடம் சொன்னேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

பிரசவத்துக்கு அவளைக் கூட்டிப் போக அவள் அம்மா, என் மாமி, வந்திருந்த சமயம் அது. ஜமீலாவுக்குத் தாய்வீடு இடுக்கியில், சின்னக்கானல். எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குக் கீழே மாமாவுக்கு மளிகைக் கடை. மாமி தைரியசாலி. கடைக்கு முன்னால் யானை வந்து நின்றபோது ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர். அவர் முகம் வெளுத்து நான் பார்த்தது அன்றுதான்.

"மாப்ளே, தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றார். "ஆறு வருசம் கழிச்சு வந்த உசுரு. அந்த ரிசல்ட்டு வர்ற வரைக்கும் நீங்க அங்கிட்டு வர வேணாம். நா கூப்புடுறேன். அப்ப வாங்க."

"நான் குளிச்சிட்டுத்தான் வாரேன் மாமி, தினமும்..."

"குளிச்சாப் போறதுன்னா அங்க எதுக்கு மிசினு வெச்சிருக்காக?"

மறுநாள் காலை அவர்களை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜமீலா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. அவளுக்கும் அதுதான் மனசு போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். பஸ் போன பிறகு என் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அத்தா மட்டும், "ஆலைய உட்டுட்டு வந்து கடையில உக்காருடா, இதுல சீக்குக் கீக்கு ஒண்ணுமில்ல" என்றார். அந்தச் சீக்கைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டுதான் அவர் பேசினார் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

சின்னச்சாமியின் லாக்கர்

நான் உண்மையைச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் பயம்தான். சட்டத்தை மீறினவன் என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டால், பிறக்கப் போகிற பிள்ளைக்கு என்ன வழி? அல்லாஹ் மன்னிப்பான், ஆலை மன்னிக்குமா? இப்படியே நாலு நாள் போயிற்று.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பி ஆலைக்குள் வந்தேன். உடை மாற்றும் அறையில் கூட்டம். சின்னச்சாமியின் லாக்கரைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, ஒருத்தர் மெஷினை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். அவனுடைய செருப்பு, சீப்பு, சாமி படம் ஒட்டின கண்ணாடி, எல்லாம் தரையில்.

பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன் ஏதாவது கொட்டி மறைத்திருப்பானோ, அதுதான் என்மேல் பட்டிருக்குமோ என்று சந்தேகம். அவனையும் அன்று பிளான்டை விட்டு எடுத்துவிட்டார்கள்.

சின்னச்சாமி என்னைப் பார்த்து, "வாங்க பாய். உங்களுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு. கடைசியில ரெண்டு பேரும் சேந்து சாக்கு எண்ணலாம்" என்று சிரித்தான். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. "ஊட்ல என்னன்னு சொல்றதுன்னுதான் தெரியல" என்றான்.

அவனைக் கையைப் பிடித்து கேன்டீனுக்குப் பின்னால் இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தினமுமா?" என்றான் அவன்.

"தினமும்."

"சாப்பாட்டுப் பையிலயா?"

"ஆமா."

"அடப் பாவி மனுசா! பேட்ஜென்ன குருவியா, கூடு மாத்தி வெக்கறதுக்கு?" என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "போங்க பாய். போயி மேடத்துகிட்டச் சொல்லுங்க. நான் வாசல்ல நிக்கறன்."

அவன் நின்றான். அவன் அன்று என்னைத் திட்டியிருக்கலாம், தானே ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். அவனுக்காக நான் இன்றும் துஆ கேட்கிறேன். அவன் சாமிக்கும் எனக்காக ஒரு தேங்காய் உடைத்ததாகப் பிறகு சொன்னான்.

அத்தாவின் சரக்கு

மேடம் திருச்சூர் பக்கத்துக்காரர். கோயம்புத்தூரில் படித்ததால் நல்ல தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மலையாளம் வரும். நான் சொல்லச் சொல்ல அவருக்கு மலையாளம் வந்தது.

"என்ட ஈஸ்வரா! இத்தனை நாள் எதுக்கு சாதிக் சும்மா இருந்தீங்க? ஒரு மனுசன் லாக்கரைக் கொட்டிக் கவுத்தாச்சு!"

"தப்புதானுங்க மேடம்."

"அந்தப் பலகை எங்க இருக்குன்னு தெரியுமா? கதிரே வராத இடமாப் பாத்துத்தான் வெச்சிருக்கோம். அது சரியா இருக்கான்னு பாக்கறதுக்கே யாரும் போடாத ஒரு பேட்ஜ் அங்க தனியாத் தொங்குது. அதுல ஒண்ணுமே ஏறலை." பெருமூச்சு விட்டார். "அப்பவும் கணக்கு உதைக்குதே. வீட்ல வெச்சாலும் அதே மாதிரிதான் இருக்கணும், ஏறாது. எங்க வெச்சீங்க?"

"அத்தா கடை அட்டாலியிலங்க."

"அங்க என்ன இருக்கு?"

"பழைய சரக்குங்க. கயிறு, ராந்தல் சிமினி, லைட்டு மேண்டிலு..."

மேடம் கையைத் தூக்கி நிறுத்தினார். "மேண்டில்னா? பெட்ரோமாக்ஸ் லைட்டுக்குப் போடறதா? அந்த வலைத்துணியா? எத்தனை இருக்கும்?"

"பெட்டி பெட்டியா இருக்குதுங்க. அதுக்கு நடுவுலதான் செருகி வெச்சேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகுதான் சொன்னார். அந்த வலைத்துணியைத் தோரியம் உப்பில் நனைத்துச் செய்வார்கள். அதனால்தான் அது அவ்வளவு வெள்ளையாக எரிகிறது. அந்தத் தோரியம் எங்கே இருந்து வருகிறது? எங்கள் டிரம் சரக்கு பிறக்கிற அதே கறுப்பு மணலிலிருந்து. ஆலைக்குப் பயந்து பேட்ஜைக் கொண்டுபோய், ஆலைச் சரக்குக்கு நடுவிலேயே மூன்று மாதம் படுக்க வைத்திருக்கிறேன்.

எங்கள் அத்தா ஒரு காலத்தில் கல்யாணத்துக்கும் தர்கா உரூஸுக்கும் தேர்த் திருவிழாவுக்கும் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டவர். மேண்டில் தட்டுப்பாடு வந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மொத்தமாக வாங்கி அடுக்கினார். தட்டுப்பாடு வரவில்லை. பேட்டரி விளக்கு வந்தது.

மறுநாள் மேடமே கடைக்கு வந்தார். ஆபீஸ் டிரைவரை அனுப்பியிருக்கலாம், என்னையே பெட்டியை எடுத்துவரச் சொல்லியிருக்கலாம். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். கையிலிருந்த கருவி முதலில் ஒன்று, ஒன்று என்று மெதுவாகச் சத்தம் போட்டது. பெட்டிப் பக்கம் கொண்டுபோனதும் அரிசி பொரிவதுபோலப் படபடவென்று பொரிந்தது.

"ஏனுங்கம்மா, எலி கிலி இருக்குதா?" என்றார் அத்தா கீழே இருந்து.

மேடம் இறங்கி வந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். அத்தா கேட்டுக்கொண்டே கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். "இத்தன வருசமா இதுக்குக் கீழதான் மத்தியானம் கண்ணசர்றனுங்க. எனக்கு ஒண்ணும் ஆவலீங்களே?"

"உங்களுக்கு எத்தனை வயசு?"

"எழுவத்தஞ்சு இருக்குமுங்க."

"பாத்தா தெரியலை" என்றார் மேடம். அத்தாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெட்டிக்குள் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை, தூளாக்கி மூச்சில் போகாமல் இருந்தால் போதும், இனி அதன் கீழே படுக்க வேண்டாம், முறையாக எடுத்துப் போக ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லி, அப்படியே செய்தும் கொடுத்தார்.

போகுமுன் அவரிடம் ஒன்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. "மேடம், அந்த மெஷினை என்மேலயும் ஒருக்கா வெச்சுப் பாருங்க."

அவர் தலை, நெஞ்சு, முதுகு, உள்ளங்கை, பாதம் என்று நிதானமாகப் பார்த்தார். பிறகு தன் கையின் மேல் வைத்துக் காட்டினார். பிறகு அத்தாவின் கையில். மூன்றும் ஒரே சத்தம். "வெளியே ஒண்ணும் ஒட்டலை. உள்ளே என்னன்னு ரிசல்ட் சொல்லும். சொல்லட்டும், பொறுங்க" என்றார்.

ஒரே ஒரு கேள்வி

சின்னச்சாமியை அன்றே பிளான்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அந்தக் கடிதத்தை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மேண்டில் கதையைப் போனில் மாமியிடம் சொன்னேன். நம்பவில்லை. "கடையில வாங்குற லைட்டு சாமான்ல வெசமா? கதை விடாதீக மாப்ளே. ரிசல்ட்டு வரட்டும்" என்றுவிட்டார். பயந்த மனசுக்கு எதைச் சொன்னாலும் சாக்குப்போலத்தான் இருக்கும்.

அடுத்த வாரமே, குறித்த நாளுக்கு முன்பாக ஜமீலாவுக்கு வலி கண்டது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று அவள் அண்ணன், என் மச்சான், போனில் சொன்னான். நான் கடை வாசலிலேயே நெற்றி தரையில் பட, நன்றிக்கான ஷுக்ர் ஸஜ்தா செய்தேன். எழுந்து, "வரட்டா மச்சான்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் மாமியிடம் கேட்கும் சத்தம் வந்தது. "அம்மா கூப்புடுறேன்னு சொல்லுது" என்றான்.

நாலு நாள். பஸ்ஸில் ஏறினால் ஒரு பகலில் போய்விடலாம். என் பிள்ளை என்ன நிறம், யார் ஜாடை என்று தெரியாமல் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவேன், மறப்பேன், திரும்ப எண்ணுவேன்.

ஐந்தாம் நாள் மேடம் ஸ்டோருக்கே வந்தார். கையில் தாள். "உள்ளயும் ஒண்ணுமில்ல சாதிக். சுத்தம்" என்றார்.

எண்ணின சாக்கின் மேலேயே உட்கார்ந்தேன். "மாமிகிட்ட நான் சொன்னா நம்ப மாட்டாங்க மேடம்."

"நம்பரைக் குடுங்க" என்றார். என் போனிலேயே பேசினார், நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். தன் வேலை என்ன, எண் ஏன் ஏறியது, எதைச் சோதித்தார்கள், ரிசல்ட் என்ன என்று பொறுமையாகச் சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் மாமி கேட்டார். "அம்மா, நீங்க படிச்சவுக. எனக்கு அதெல்லாம் வெளங்காது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்குப் பிள்ளைக இருக்கா?"

"ரெண்டு பேர்."

"பச்சப் பிள்ளையா இருந்தப்ப, இவரு கையில தூக்கிக் குடுத்திருப்பீகளா?"

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். வியர்வையில் புளித்த என் சட்டையை, சாக்குத்தூசி ஒட்டின கையை.

"குளிச்சிட்டு வரச் சொல்லிட்டுக் குடுத்திருப்பேன்" என்றார். "சாக்கு எண்ணிட்டிருக்கார், அதனால. வேற எதுக்கும் இல்ல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "அவரை வரச் சொல்லுங்கம்மா" என்றார் மாமி.

அந்த மேடம் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ. அவர் மார்க்கம் வேறு, என் மார்க்கம் வேறு. ஆனால் ஐந்து வேளைத் துஆவில் அவர் பிள்ளைகள் இரண்டு பேரையும் நான் விட்டதில்லை.

சின்னக்கானல்

மறுநாள் விடியலில் பஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பினேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று பஸ் மாறி மாறிப் போனேன். மறையூர் தாண்டியதும் குளிர் காற்று முகத்தில் அடித்தது. கொழுந்துக்கூடையோடு ஏறின ஒரு அம்மா, "எங்க போறீக, பாய்?" என்று கேட்டார். "பிள்ளை பாக்க" என்றேன். முதல்முதலாக அந்தச் சொல்லை வாயால் சொல்கிறேன். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருப்பேன் போல, முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

போய்ச் சேரும்போது சாயங்கால அஸர் நேரம். மாமி வெந்நீர் வைத்திருந்தார். துண்டை நீட்டினார். குளித்து ஒளுவோடு உள்ளே போனேன்.

ஜமீலா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மடியில் கம்பளிக்குள் சின்ன முகம். நான் முதலில் கேட்டது, "நீயும் பயந்துட்டியா?" என்றுதான்.

"பிள்ளைக்குப் பயந்தேன்" என்றாள். "உங்களுக்குப் பயப்படல. பஸ்ஸுல வாயத் தொறந்தா அழுதுருவேன்னுதான் பேசாம வந்தேன்."

மாமி கதவோரம் நின்றபடி சொன்னார். "மாப்ளே, இவ பண்ணின அக்குருமத்தக் கேளுங்க. பிள்ள காதுல இன்னமும் பாங்கு சொல்ல விடல. இவ அத்தா வந்தாக, அண்ணன் வந்தான், பள்ளிவாசல்ல இருந்து அஜ்ரத்தே வந்துட்டுப் போனாக. யாருக்கும் குடுக்கல. மடிய விட்டு எறக்கல."

பிறந்ததும் ஆண் ஒருவர் பிள்ளை காதில் சொல்ல வேண்டியது பாங்கு, தொழுகைக்கு அழைக்கும் அதே வரிகள். எங்களில் யாரும் இவ்வளவு நாள் வைத்திருக்க மாட்டார்கள். நான் ஜமீலாவைப் பார்த்தேன்.

"ரிசல்ட் வராமப் போயிருந்தா?" என்றேன்.

"அப்பயும் நீங்கதான் சொல்லியிருப்பீங்க" என்று பிள்ளையை நீட்டினாள். "புடிங்க. கழுத்தப் பாத்து."

வாங்கினேன். ரெண்டு படி அரிசி கனம்கூட இல்லை. மக்கா இருக்கும் திசை, கிப்லா, எந்தப் பக்கம் என்று மச்சான் காட்டினான். திரும்பி நின்று, வலது காதில் வாயை வைத்தேன். அல்லாஹு அக்பர் என்றேன். மறுபடி சொன்னேன். நாலு தடவை சொல்ல வேண்டியதை எத்தனை தடவை சொன்னேனோ, அடுத்த வரி வரவே இல்லை.

"மேல சொல்லுங்க மாப்ளே" என்றார் மாமி பின்னாலிருந்து. "பிள்ள அஞ்சு நாளாக் காத்துக் கெடக்கு."